இடத்தோளுக்குச் செய்த மரப்பிடி

"சோத்துக்கையாலை சாப்பிடு எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

"நான் சோறு சாப்பிடுற கை இதுதானேயம்மா. அப்ப இதுதான் சோத்துக்கை."

"வாய் நல்லா நீளுது. நாளைக்கு ஒரு வீட்டிலை பொம்பிளை கேட்டுப் போகேக்கை, மாப்பிளை இடக்கையாலை தின்னுறார் எண்டு சிரிக்கப் போகினம்."

"நீங்கள் ஒரு இடக்கைக்காரியாப் பாருங்கோவன். பக்கத்திலை இருந்து சாப்பிட்டா முழங்கை இடிபடாது."

இதைச் சொல்லிவிட்டு மீன் குழம்பு ஒழுகும் இடக்கையைத் தாயின் முகத்துக்கு நேரே ஆட்டினான் சாந்தன். செலஸ்ரீனா அகப்பையை ஓங்கினாள். ஓங்கிய வேகத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானம் அவனுக்கு ஒரு புதுச் சட்டை தைக்கத் துணி வெட்டினாள். கை அளவு எடுக்க அவனைக் கூப்பிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தாயும் மகனும் ஒரே உயரம், ஒரே கைநீளம். தன்னுடைய கையிலேயே நாடாவைப் பிடித்து வெட்டினாள்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவன் இயக்கத்துக்குப் போனான். வயது பதினேழு. அவனுடைய சைக்கிள் மட்டும் அவர்களுடைய ஊரான பேசாலையில் கோயில் மதிலோடு சாய்ந்து நின்றது. பிறகு சண்டை மூண்டது. செலஸ்ரீனாவும் கணவர் பெனடிக்ற்றும் மூன்று வயது ஜூலியைத் தூக்கிக்கொண்டு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனார்கள். அங்கிருந்து எங்கெங்கோ அலைந்து, கடைசியில் இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஏழு வருடமாகியும், மகனை நினைத்தால் செலஸ்ரீனாவுக்கு முதலில் வருவது முகமல்ல, குழம்பு ஒழுகும் அந்தக் கைதான்.

லிபெர்த்தா வீதியில் அவள் வேலை செய்யும் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நீதிபதியின் மாடிக்குக் கீழே எந்நேரமும் இரண்டு இளம் இராணுவத்தினர் துப்பாக்கியோடு காவல் நிற்பார்கள். நகரத்துக்கு அது பழகிவிட்டது. பெண்கள் மரக்கறிப் பைகளோடு அவர்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள், நாய்கள் அவர்களின் சப்பாத்தை மோந்து பார்க்கும். செலஸ்ரீனா மட்டும் ஒவ்வொரு காலையும் அவர்கள் எந்தக் கையால் துப்பாக்கியைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். எல்லாரும் வலக்கைக்காரர்கள்.

அவள் மனதில் ஒரு கேள்வி இரண்டு வருடமாகக் கிடந்தது. அதைப் பெனடிக்ற்றிடம் மட்டுமே கேட்க முடியும். அவரிடம்தான் கேட்க முடியாமலும் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு பின்னேரம் பவுல் சீசாப் பகுதியில் இருந்த அவர்களுடைய வீட்டுக்கு வந்தான். ஒரே ஊர்ப் பையன். சாந்தனோடு ஒரே அணியில் இருந்து, பிறகு விலகி, எப்படியோ இங்கே வந்து ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தான். கதிரை நுனியில் உட்கார்ந்தான். தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"அன்ரி, சாந்தன் இல்லை" என்றான்.

கடற்கரையோரம் நடந்த ஒரு சண்டையைப் பற்றிச் சொன்னான். அழுதான். பிறகு அழுகையை மறைக்கவோ என்னவோ, சின்னச் சின்ன விசயங்களைச் சொல்லத் தொடங்கினான். "அவன் இடத்தோளிலை வைச்சுத்தான் சுடுவான், அன்ரி. அந்தத் துவக்கு சுட்ட குண்டின்ரை வெற்றுக்கோதை வலப்பக்கமாத் துப்பும். சூட்டோடை சூடா அவன்ரை வலக்கையிலை வந்து விழும். கை முழுக்கத் தழும்பு. உன்ரை கொப்பர் தச்சன்தானே, இடக்கையனுக்கு ஒரு துவக்குச் செய்து அனுப்பச் சொல்லடா எண்டு நாங்கள் பகிடி பண்ணுவம்."

பக்கத்தில் இருந்த பெனடிக்ற் கேட்டார்: "உடம்பைக் கண்டனியே?"

"இல்லை, அங்கிள். ஒருத்தற்றை உடம்பும் எடுக்கேலாமப் போச்சு."

"காணாத கதையை என்ரை வீட்டிலை கதையாதை."

எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பவுல் போய்விட்டான். அதன்பிறகு கோயிலில் கண்டால் கூட அவன் மறுகோடி வாங்கில்தான் உட்காருவான்.

செலஸ்ரீனா அன்றைக்கே நம்பிவிட்டாள். அந்தத் தழும்புக் கதைதான் அவளை நம்ப வைத்தது. பொய் சொல்ல வருகிறவனுக்கு அப்படி ஒன்று தோன்றாது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் சாந்தனைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. கலியாணமாகி முதல் பிள்ளை பிறந்த நாள் முதல் அவள் கணவரைக் கூப்பிட்டது "சாந்தன்ரை அப்பா" என்றுதான். அதுவும் நின்றது. "இஞ்சாருங்கோ" என்று மட்டும் கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

அவள் கேட்க நினைத்தது பெரிய காரியமல்ல. நவம்பர் இரண்டு, மரித்தோர் திருநாள். அன்றைக்குத் தமிழ்ப் பூசையில் ஒவ்வொரு குடும்பத்தின் மரித்தவர்களுடைய பெயரையும் பாதர் உரக்க வாசிப்பார். பெயர் கேட்டதும் அந்த வீட்டார் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஊரில் என்றால் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைக் குழியில் கொளுத்தலாம். குழி இல்லாத பிள்ளைக்கு இந்த ஒரு மெழுகுதிரிதான் உண்டு. சாந்தனின் பெயர் அங்கே வாசிக்கப்பட வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டாம்.

பெயர்களைச் சேர்க்கிற றோசமலரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது பெனடிக்ற் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரியாமல் அதைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு நவம்பரும் மாமன், மாமி, தாய், தகப்பன் பெயர்களைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்காக எழுந்து போகும் மற்றத் தாய்மாரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒக்டோபரில், செலஸ்ரீனா வேலை செய்யும் சின்யோராவின் வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி வந்தது.

சின்யோரா எழுபதைத் தாண்டிய விதவை. மகன் நீனோ மலைப்பக்கம் போய்க் காட்டுப்பன்றி சுடுகிறவர். ஆறடி உயரம், கதவுக்குக் குனிந்து வருவார். அவர் புதிதாக ஒரு அரைத் தானியங்கி றைபிள் வாங்கியிருந்தார். விசையை இழுத்ததும் சுட்டு, கோதைத் துப்பி, அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும். தோளில் வைக்கும் பின்கட்டையும் கீழே கை பிடிக்கும் இடமும் கறுத்த பிளாஸ்டிக்.

"இது என்ன? கீழே தெருவில் நிற்கிற அந்த இராணுவப் பிள்ளைகளோடு நீயும் சேர்ந்துவிட்டாயா?" என்றார் சின்யோரா. "உன் அப்பாவின் துப்பாக்கியில் மரம் இருந்தது. அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தால் அலுமாரியின் தம்பி மாதிரி இருக்கும். இதை என் வீட்டில் வைக்காதே."

"அம்மா அதற்கும் ஒரு கோட் தைத்துப் போடச் சொல்கிறார், செலஸ்ரீனா" என்று நீனோ சிரித்தார்.

"உன் கணவர் துப்பாக்கிக்கு மரம் போடுகிற வேலைதானே செய்கிறார்?" சின்யோரா அவள் பக்கம் திரும்பினார். "அவரிடம் கொடுப்போம்."

அவள் தலையாட்டினாள். அந்த வேலையை அவள் ஒருநாளும் விரும்பியதில்லை. பிரான்காச்சோவில் வீத்தோ என்பவரின் துப்பாக்கிக் கடைக்குப் பின்னால் உள்ள பட்டறையில், வேட்டைத் துப்பாக்கிகளுக்கு வால்நட் மரத்தில் பிடி செய்து பொருத்துவது பெனடிக்ற்றின் வேலை. அவர் அதில் சேர்ந்த அன்றைக்கு வீட்டில் சண்டை நடந்தது.

"உலகத்திலை வேறை வேலை இல்லையோ? துவக்கோடைதானோ?"

"இது பண்டி சுடுற துவக்கு, செலஸ்."

"துவக்குக்கு அது தெரியுமோ?"

ஆனாலும் அவர் வேலைக்குப் போனார். மரத்தைத் தொட்டால்தான் அவருக்கு மூச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். அதன்பிறகு அவளும் வாயைத் திறக்கவில்லை.

நீனோவின் வேலை வந்தபோது அவர் சந்தோசமாக ஏற்றுக்கொண்டார். "பெரிய மனுசன். மரமும் நல்ல மரமா வாங்கித் தந்திருக்கிறார்" என்றார் சாப்பிடும்போது. நீனோவைப் பட்டறையில் நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கை மடிப்பிலிருந்து விசை இழுக்கும் விரல் வரைக்கும் பார்த்தாராம். கழுத்தைப் பார்த்தாராம். கன்னத்து எலும்பைத் தொட்டுப் பார்த்தாராம். துப்பாக்கியின் பிடி ஒருவருக்குப் பொருந்தினால் இன்னொருவருக்குப் பொருந்தாது. கைநீளம், தோள், கன்னம் மூன்றும் பார்த்து வெட்ட வேண்டும். வலக்கைக்காரருக்கு மரம் ஒரு பக்கம் இலேசாகச் சாயும், இடக்கைக்காரருக்கு மறுபக்கம் சாயும்.

"வீத்தோவின்ரை அச்சுகள் எல்லாம் இந்த ஆளுக்குச் சின்னன்" என்றார் பெனடிக்ற். "வள்ளம் கட்டினமாதிரிக் கண்ணாலை பாத்து வெட்டு எண்டு சொல்லிப்போட்டார்."

பேசாலையில் அவர் கட்டிய வள்ளங்களுக்குப் படமும் இல்லை, அளவுகோலும் இல்லை. பலகையைக் கண்ணால் பார்த்து, உள்ளங்கையால் தடவி, போதும் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துவார். அவர் கட்டிய எந்த வள்ளமும் ஒருபக்கம் சரிந்ததில்லை.

உலோகத்தை வீத்தோ பட்டறையை விட்டு வெளியே விடமாட்டார். ஆனால் மரத்தைக் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் பூசலாம். பெனடிக்ற் அதைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"எனக்கு உது கண்ணிலை படக்கூடாது" என்றாள் செலஸ்ரீனா.

"பல்கனியிலை வைக்கிறன்."

பின்னேரங்களில் அவர் பல்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து ஆளி விதை எண்ணெயைத் தேய்ப்பார். குசினி யன்னலால் அந்த முதுகு முன்னும் பின்னும் அசைவது மட்டும் அவளுக்குத் தெரியும். துணியால் தேய்க்கவில்லை, வெறும் கையால்தான் தேய்த்தார். இடையிடையே நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, மரத்தை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். ஜூலி கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு எண்ணெய் பூசிவிட்டதும் அவர்தான்.

அந்தக் கிழமை சாப்பாட்டு மேசையில் ஜூலி ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மரித்தோர் திருநாள் என்றால் கொண்டாட்டம். அந்தந்த வீட்டில் செத்தவர்கள் இரவோடிரவாக வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் சீனியால் செய்த பொம்மைகளும் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை. செலஸ்ரீனாவும் ஒவ்வொரு வருடமும் ஒரு சீனிப் பொம்மையை வாங்கி, அப்பப்பா கொண்டுவந்தது என்று தலையணைக்குக் கீழே வைப்பாள்.

"என்ரை வகுப்பு ஜூசெப்பினாவுக்கு அவளின்ரை செத்துப்போன நொன்னோத் தாத்தா ஸ்கேற்ஸ் கொண்டுவரப் போறாராம்" என்றாள் ஜூலி. "எனக்கு அப்பப்பாவைத் தெரியவே தெரியாது. இந்த முறை அண்ணா கொண்டுவருவாரோ?"



"அண்ணா கொண்டுவாறேல்லை" என்றார் பெனடிக்ற்.

"மா பெர்க்கே? ஏனப்பா?"

"அண்ணா உயிரோடை இருக்கிறார். செத்த ஆக்கள்தான் கொண்டுவாறது."

ஜூலி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, குற்றம் கண்டுபிடித்த வாத்தியார் மாதிரிக் கேட்டாள்: "உயிரோடை இருக்கிறவர் ஏன் ஒருநாளும் போன் எடுக்கேல்லை?"

பெனடிக்ற் தட்டில் மிச்சமிருந்த சோற்றோடு எழுந்து போய்க் கையைக் கழுவினார். பல்கனிக் கதவு திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மணம் உள்ளே வந்தது.

"நான் பிழையாக் கேட்டிட்டனோ, மம்மா?"

"இல்லையம்மா. சாப்பிடு."

பின்னால் போய் இப்போதே கேட்டுவிடலாம் என்று செலஸ்ரீனாவுக்குத் தோன்றியது. பல்கனிக் கதவு வரைக்கும் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மரத்தை மடியில் போட்டுக் குனிந்திருந்தார். காதோரம் நரைத்திருந்ததை அன்றைக்குத்தான் கண்டாள். திரும்பி வந்து சட்டி கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய றோசமலர் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"செலஸ் அக்கா, வாற ஞாயிறு திருநாள். உங்கடை பேருகளை வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ளை சொல்லிப்போடுங்கோ. போன வருசத்துப் பேருகள்தானே?"

"ஓம். இல்லை... ஒண்டு கேட்டிட்டுச் சொல்லுறன்."

றோசமலருக்கு விளங்கியது. ஊரார் எல்லாருக்கும் பவுல் சொன்ன கதை தெரியும். அவள் செலஸ்ரீனாவின் மணிக்கட்டை ஒருதரம் அமுக்கிவிட்டு, "வெள்ளிக்கிழமை நான் வீட்டிலைதான் இருப்பன்" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. காலையில் வேலைக்குப் போகும்போதே செலஸ்ரீனா தனக்குள் சொல்லிக்கொண்டாள், இன்றைக்குக் கேட்காவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும் என்று. மத்தியானம் நீனோ வந்து, "துப்பாக்கி தயாராம். நீயும் வா, செலஸ்ரீனா. உன் கணவர் சொல்வதில் எனக்குப் பாதிதான் விளங்குகிறது" என்று அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு பிரான்காச்சோவுக்குப் போனார்.

அவள் அந்தப் பட்டறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. மரத்தூளும் இரும்பு எண்ணெயும் மணத்தன. பெனடிக்ற் அவளைக் கண்டதும் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெட்கப்பட்டவர் மாதிரிச் சிரித்தார். வீத்தோ கட்டையான மனிதர், சத்தமாகக் கதைக்கிறவர். வேட்டைக் காலம் என்பதால் கடையில் ஒரே சனம். உலோகத்துக்கும் மரத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி இல்லையா என்று மட்டும் இடையில் ஒருநாள் பார்த்தாராம். முழுதாக முடிந்த பிடியை அவரும் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

பெனடிக்ற் சாக்கை விரித்தார். கபில நிற மரம். உள்ளே கறுப்பு ரேகைகள் வற்றுநேரக் கடற்கரை மணல் மாதிரி வரிவரியாக ஓடின. வீத்தோ விசிலடித்தார். பெனடிக்ற் அதை றைபிளின் உலோகத்தோடு பொருத்தித் திருகாணியை இறுக்கினார். கறுத்த பிளாஸ்டிக்கோடு இருந்தபோது இராணுவத்தின் சாமானாகத் தெரிந்தது, இப்போது ஒரு வீட்டின் சாமானாகிவிட்டது. சின்யோரா சொன்னது சரிதான் என்று செலஸ்ரீனாவுக்கே தோன்றியது.

நீனோ அதைத் தூக்கி வலத்தோளில் வைத்தார். வைத்த உடனே முகத்தைச் சுளித்தார். மரம் அவருடைய கன்னத்தை இடித்தது. கழுத்தைச் சரித்துப் பார்த்தார். முழங்கை மடங்கிப் பின்னால் இடித்தது. பெரிய ஆள் சின்னப் பிள்ளையின் கதிரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"மழையில் நனைந்து நீ இன்னும் வளர்ந்துவிட்டாயா, நீனோ?" என்றார் வீத்தோ.

"இந்த மரத்தின் கணக்கில் என் கை மணிக்கட்டில்தான் தொடங்குகிறது போலிருக்கிறது."

வீத்தோ றைபிளை வாங்கி, ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தார். கன்னம் படுகிற இடத்தில் பெனடிக்ற் விட்டிருந்த மேட்டைப் பெருவிரலால் தடவினார். மேடு வலப்பக்கம் இருந்தது. பிறகு அவர் பெரிதாகச் சிரித்தார்.

"பெனெதெத்தோ! இது இடக்கைக்காரனுக்கு! அதுவும் ஒரு பொடியனுக்கு! உன் கண்ணுக்கு என்ன நடந்தது? எவ்வளவு பெரிய ஆளை உன் முன்னால் நிற்க வைத்தேன்!"



"அதைவிட, இந்தத் துப்பாக்கி வலப்பக்கம் கோதைத் துப்பும்" என்று வீத்தோ நீனோவுக்கு விளக்கினார். "இடக்கைக்காரன் இதால் சுட்டால் சூடான கோதெல்லாம் வந்து இங்கேதான் விழும்." தன்னுடைய வலது முன்கையைத் தட்டிக் காட்டினார். "பாவம், அவன் கை முழுக்கத் தழும்பாகிவிடும்."

செலஸ்ரீனா பெனடிக்ற்றைப் பார்த்தாள்.

"கேளுங்கள், சின்யோரா" என்றார் வீத்தோ அவளிடம். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பெனடிக்ற்றுக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். "யாருக்காக இதைச் செய்தார் என்று உங்கள் பாசையில் கேளுங்கள்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்தளவு இத்தாலியன் பெனடிக்ற்றுக்கு விளங்கும். ஆனாலும் அவர் கேட்காதவர் மாதிரி நின்றார். மரத்தின் வலப்பக்கத்து மேட்டை, தான் செய்ததையே முதல் தடவை காண்கிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஆருக்குச் செய்தனீங்கள் எண்டு கேக்கினம்."

பெனடிக்ற் ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

செலஸ்ரீனா வீத்தோவின் பக்கம் திரும்பினாள். "தவறிவிட்டதாம். மன்னிக்கச் சொல்கிறார். இன்னொன்று செய்து தருவாராம்" என்றாள் இத்தாலியனில்.

வீத்தோ அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார். நீனோ, "அவசரமில்லை, பன்றிகள் எங்கும் போய்விடாது" என்றார். வீத்தோ திருகாணியைக் கழற்றி மரத்தை எடுத்துச் சாக்கில் சுற்றி, பெனடிக்ற்றின் கையில் கொடுத்தார். "இது எனக்கு விற்க முடியாத மரம். நீ கொண்டுபோ. இன்றைக்கு வேலை போதும், மனைவியோடு வீட்டுக்குப் போ."

நீனோ காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். பெனடிக்ற் வேண்டாம் என்று தலையாட்டினார்.

இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்ட நேரம், பிள்ளைகள் முன்னுக்கு நின்று சத்தம் போட்டார்கள். பின் இருக்கையில் பெனடிக்ற் யன்னலோரம் உட்கார்ந்து, சாக்குச் சுற்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெளியே ஒவ்வொரு தெரு மூலையிலும் திருநாள் சாமான் விற்கிற தட்டுகள். குதிரை வீரன், நடனக்காரி, இறகு வைத்த தொப்பிக்காரன் எல்லாம் சீனியில் செய்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள்.

"தாங்கோ பாப்பம்" என்றாள் செலஸ்ரீனா.

அவர் நம்பாமல் அவளைப் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

அவள் சாக்கை ஒரு பக்கம் ஒதுக்கி, உள்ளே கையை விட்டாள். மரம் அவ்வளவு வழுவழுப்பு. ஒரு முகத்தைத் தடவுவது போலத் தடவிக்கொண்டு போனாள். வலப்பக்கத்து மேடு கையில் பட்டது. ஒரு இடக்கன்னம் வந்து சாய்வதற்காக விட்ட மேடு. பிறகு, நீனோவின் கையை அளந்த விதத்தைப் பெனடிக்ற் சொன்னது ஞாபகம் வந்து, மரத்தின் அடியைத் தன் இடது முழங்கை மடிப்பில் வைத்து, கையை நீட்டிப் பார்த்தாள். விசை இருக்கவேண்டிய இடத்தில் அவளுடைய விரல் சரியாகப் போய் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சட்டை வெட்டத் தன் கையில் நாடாவைப் பிடித்த மத்தியானம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

சாக்கைத் திரும்பச் சுற்றினாள்.

"சின்னனாச் செய்திட்டியள்."

"ம்."

"இப்ப அவனுக்கு இருபத்திநாலு. உங்கடை தம்பிமாரைப் போல வளர்ந்திருப்பான். உது அவனுக்குக் காணாது."

பெனடிக்ற் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பஸ் ஒரு வளைவில் திரும்ப, அவருடைய தோள் அவள் தோளில் வந்து இடித்தது. திரும்ப நிமிராமல் அப்படியே சாய்ந்திருந்தார்.

"நான் நீனோவை நினைச்சுத்தான் வெட்டத் தொடங்கினனான், செலஸ். சத்தியமா. கண்ணை மூடித் தடவிப் பாத்தன், சரியா இருந்துது. நாளுக்கு நாள் தடவிப் பாத்தன். அவ்வளவு சரியா இருந்துது." தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "எத்தினையோ தரம் நினைச்சுப் பாக்கிறனான். மீசை வைச்சு, உயரமா, என்னைவிட உயரமா. ஒருக்காத் தன்னும் வரேல்லை. கண்ணை மூடினா அந்தப் புதுச் சட்டையோடை போனவன்தான் வந்து நிக்கிறான். அதுக்குமேலை வளர மாட்டனெண்டு நிக்கிறான்."

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். எண்ணெய் ஊறிக் கறுத்த கை. நகத்தைச் சுற்றி மரத்தூள். முன்னுக்கு நின்ற பிள்ளைகள் எதற்கோ கொல்லென்று சிரித்தார்கள். சீசாவுக்கு இன்னும் மூன்றோ நான்கோ தரிப்பிடம் இருந்தது. றோசமலர் வீட்டில்தான் இருப்பாள்.

"சாந்தன்ரை அப்பா" என்றாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டவர் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. அவர் துடைக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலை பிள்ளையின்ரை பேரையும் வாசிக்கட்டுமே, அப்பா. நான் போய் றோசமலரிட்டைச் சொல்லட்டே? மெழுகுதிரியை நாங்கள் ரெண்டு பேருமாப் போய்க் கொளுத்துவம்."